ஐம்பது வருட வாடகை

"கையை நீட்டு" என்றாள் மா இன்ஜா.

சோக் கிதே நீட்டினான். முழங்கை வரைக்கும் வரும் சிவப்பு ரப்பர் உறையை அவனுடைய கம்பளிக் கோட்டின் மேலேயே இழுத்து மாட்டிவிட்டாள்.

"அக்கா, நான் வியாபாரம் பேச வந்திருக்கேன்."

"பேசேன். உறையைக் கையிலதானே மாட்டினேன், வாயிலயா மாட்டினேன்?"

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பாஜூ புத்தக நகரத்தில் இன்ஜாவின் மண்சாடி பதிப்பகத்தார் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் சனிக்கிழமை அது. கிடங்குக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய் விரித்திருந்தது. முந்தின நாளே உப்பில் கிடந்து துவண்ட கோஸ் அதன் மேல் மலையாகக் கிடந்தது. பெரிய ரப்பர் தொட்டியில் முள்ளங்கித் துருவலும் மிளகாய்த் தூளும் உப்பு இறாலும் கலந்த சிவப்புக் கலவை. அன்றைக்கு அந்தப் பக்கம் யார் வந்தாலும் உட்கார வேண்டும், இரண்டு கோஸிலாவது கலவையைத் திணிக்க வேண்டும், போகும்போது ஒரு டப்பா எடுத்துக்கொண்டு போக வேண்டும். கூரியர்காரருக்கும் அதே விதிதான், மின்சார மீட்டர் பார்க்க வந்தவருக்கும் அதே விதிதான்.

கிதே 'போம்நால்' என்ற மின்புத்தகக் கடையில் வேலை பார்த்தான். கடையின் முகப்பில் எந்தப் புத்தகம் நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிற நாற்காலி அவனுடையது. இன்ஜா படித்த கல்லூரியில் பல வருடம் கழித்துப் படித்தவன். பழைய மாணவர் கூட்டத்தில் அறிமுகமான நாளிலிருந்து அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"அடுத்த மாசம் கடைக்குப் பத்தாவது வருஷ விழா அக்கா. யோன் டீச்சரோட உப்பள நாவல், பன்னிரண்டு பாகமும், முகப்புல முதல் இடம். பக்கத்துல வேற எதையும் வைக்க மாட்டோம்."

"எவ்வளவுக்கு?"

"பாதி விலைக்கு."

"பத்து சதவீதத்துக்கு மேல விலையைத் தள்ளக்கூடாதுன்னு சட்டம் இருக்கே, உனக்கு யாரும் சொல்லலையா?"

"அது விக்கறவங்களுக்கு. நாங்க விக்கலையே. வாடகைக்கு விடறோம்."

"எத்தனை நாளைக்கு?"

கிதே கோஸின் ஒரு இலையை விரித்து, மிகுந்த கவனத்தோடு கலவையைத் தடவினான். "ஐம்பது வருஷத்துக்கு."

எதிரே உட்கார்ந்திருந்த பதிப்பாசிரியை சங்ஹிக்கு, வாயில் போட்டிருந்த பன்றிக்கறி புரையேறிவிட்டது. இருமி முடித்ததும் கேட்டாள்:

"ஐம்பது வருஷம் கழிச்சு யாரு சார் போய்த் திருப்பிக் கேக்கறது? நீங்களா?"

"அதெல்லாம் தானா அழிஞ்சிடும்."

"எது? புத்தகமா, படிச்சவனா?"

தார்ப்பாய் முழுக்கச் சிரிப்பு. கிதேயும் சேர்ந்து சிரித்தான். சிரித்தபடியே, "எல்லாக் கடையும் இதைத்தான் பண்ணுது அக்கா. எல்லாப் பதிப்பகமும் குடுக்குது" என்றான்.

அதில் பொய் இல்லை. விலைச் சட்டம் இறுகி மூன்று வருடமாகியிருந்தது. பதிப்பாளர் புத்தகத்தில் என்ன விலை போடுகிறாரோ அதுதான் நாடு முழுக்க விலை. காகிதத்துக்கும் சரி, திரையில் படிப்பதற்கும் சரி. கடைக்காரர்களின் கை கட்டப்பட்டது. கட்டிய கயிற்றை அவிழ்க்க முடியாதவர்கள் அதன் அடியில் நுழைந்து வெளியே வந்தார்கள். வாடகைக்குச் சட்டம் இல்லை. முதலில் ஒரு மாத வாடகை வந்தது, பிறகு பத்து வருட வாடகை, இப்போது ஐம்பது.

"நான் மாட்டேன்னு சொன்னா?"

"ஏன் சொல்றீங்க?"

"சொன்னா என்ன ஆகும்னுதானே கேக்கறேன்."

கிதே குரலைத் தாழ்த்தினான். "முகப்புல இருக்காது. தேடினா கிடைக்கும். தேடத் தெரிஞ்சவங்களுக்குக் கிடைக்கும்."

இன்ஜா கோஸில் கலவையைத் திணித்துக்கொண்டே இருந்தாள். மண்சாடியின் வருமானத்தில் சரிபாதி மின்புத்தகம். அதில் பெரும்பங்கு போம்நால் வழியாக வருவது. அதிலும் பெரும்பங்கு உப்பள நாவல். முகப்பு போனால் இந்தத் தார்ப்பாயில் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரில் இரண்டு பேருக்கு அடுத்த கிம்ச்சி வேறு எங்கேயோ. சரி என்றால்? அவள் போட்ட விலையை ஒரு கடை அழித்து எழுதிவிட்டது என்று ஆகும். இன்றைக்கு ஒரு கடை, பொங்கிய பால் மாதிரி நாளைக்கு எல்லாக் கடையும். அப்புறம் விலை போடுகிற பதிப்பாளர் என்று ஒருத்தி எதற்கு? அட்டைக்குப் பின்னால் ஒரு எண்ணைப் பூ வேலை மாதிரி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

"வாயைத் திற" என்றாள்.

புதுக் கிம்ச்சியில் சுருட்டிய பன்றிக்கறித் துண்டு அவன் வாய்க்குள் போனது. பின்னாலேயே ஒரு கிண்ணம் அரிசிக் கள். போகும்போது ஒரு டப்பா நிறையக் கிம்ச்சி. அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டுப் போனான்.

புதன்கிழமை காலையில் சங்ஹி செருப்பை மாற்றக்கூட மறந்து உள்ளே ஓடிவந்தாள்.

"மேடம், நீங்க சரின்னு சொல்லிட்டீங்களா?"

"எதுக்கு?"

சங்ஹி கைபேசியை நீட்டினாள். போம்நாலின் முகப்பு. உப்பு நிறத்தில் ஒரு பெரிய பட்டை. யோன் சுன்ரேயின் பன்னிரண்டு பாகம், ஐம்பது வருட வாடகை, பாதி விலை, முன்பதிவு இன்றே. கீழே பதிவு செய்தவர்களின் எண்ணிக்கை கண் முன்னாலேயே ஏறிக்கொண்டிருந்தது. மூவாயிரத்தைத் தாண்டியாயிற்று.

இன்ஜா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இன்னொரு தடவை பார்ப்பதற்குள் மேசைத் தொலைபேசி அடித்தது. குன்சானிலிருந்து போங் டல்சூ. துறைமுகத்துக்குப் பக்கத்தில் சின்னப் புத்தகக் கடை வைத்திருப்பவர். சாதாரணமாகவே சத்தமாகப் பேசுவார்.

"மா அம்மா! காலையில ஒருத்தன் வந்து என்னைத் திருடங்கறான்! பாதி விலைக்குக் கிடைக்கறதை முழு விலைக்கு விக்கறேனாம். நான் பத்து சதவீதத்துக்கு மேல ஒரு வோன் தள்ளினாலும் அபராதம் கட்டறேன். அவங்க பாதியைத் தள்ளினா பட்டை போட்டு விழா கொண்டாடறாங்களா?"

"போங் ஐயா, நான் அனுமதி குடுக்கலை."

"அப்போ யாரு குடுத்தா? உங்க புத்தகம், உங்க விலை. உங்களைக் கேக்காம காத்து குடுத்துச்சா?"

வைத்துவிட்டார். இன்ஜா கிதேயைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அக்கா! பார்த்தீங்களா? எண்ணிக்கை எப்படி ஏறுது பார்த்தீங்களா?"

"பார்த்தேன். யாரைக் கேட்டுப் போட்டே?"

"உங்களைத்தான்."

"நான் என்ன சொன்னேன்?"

"நீங்க... ஒண்ணும் சொல்லலை. ஆனா வாயில ஊட்டிவிட்டீங்க. கிம்ச்சி குடுத்தீங்க. அதுவும் பெரிய டப்பா."

"கிதே, அன்னிக்கு மீட்டர் பார்க்க வந்தவருக்கும் ஊட்டிவிட்டேன். அவருக்கும் பெரிய டப்பா. அவர் என் மீட்டரைப் பாதியா குறைச்சா எழுதிட்டுப் போனாரு?"

"அக்கா, வேண்டாம்னு நினைச்சிருந்தா வெறுங்கையோட அனுப்பியிருப்பீங்கன்னு..."

"உங்க ஆபீஸ்ல என்னன்னு எழுதினே?"

"வாய்மொழி ஒப்புதல்னு."

"என் வாய் பன்னிக்கறி மென்னுக்கிட்டு இருந்துச்சுடா, பாவி."

அவன் சின்னக் குரலில், "இப்போ எடுக்கச் சொன்னா என் வேலை போயிடும் அக்கா. மூவாயிரம் பேர் பதிவு பண்ணிட்டாங்க. எங்க இயக்குநர் எல்லார்கிட்டயும் காட்டிட்டு இருக்காரு" என்றான்.

"உன் வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம். வெள்ளிக்கிழமை வரேன். அதுவரைக்கும் எதையும் தொடாதே. ஏத்தவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம்."

சங்ஹி மேசை ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "மேடம், வழக்குப் போட்டா ஜெயிப்போம்."

"ஜெயிப்போம். ஜெயிச்சா மூவாயிரம் பேருக்குப் புத்தகம் இல்லைன்னு கடிதம் போகும். அதுல யார் பேரு இருக்கும்? டீச்சர் பேரு இருக்கும்."

"அப்போ பொறுத்துக்கறதா?"

"நான் எப்போ சொன்னேன் பொறுத்துக்கறதுன்னு? காரை எடு. டீச்சருக்குக் கிம்ச்சி குடுக்கணும்."

யோன் சுன்ரே காங்வா தீவில் தனியாக இருந்தார். வயது எழுபத்தெட்டு. எழுத்தாளராவதற்கு முன்னால் பள்ளி ஆசிரியை; அந்த அதட்டல் இன்னும் போகவில்லை. டப்பாவைத் திறந்து, ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

"இறால் ஜாஸ்தி."

"போன வருஷம் கம்மின்னீங்க டீச்சர்."

"போன வருஷம் கம்மி. இந்த வருஷம் ஜாஸ்தி. நடுவுல ஒரு இடம் இருக்குமே, அங்கே நிக்க மாட்டியா?" கதவைச் சாத்தினார். "சரி, சொல்லு. முகம் ஏன் இப்படி இருக்கு?"

இன்ஜா எல்லாவற்றையும் சொன்னாள். ஐம்பது வருடம் என்ற இடத்தில் யோன் சுன்ரே கை தட்டிச் சிரித்தார்.

"நல்லா இருக்கே! நான் செத்து, நீ செத்து, அந்தப் பையனும் போய்ச் சேர்ந்தப்புறம் கெடு முடியுதாக்கும்! எந்த வீட்டுக்காரன் இப்படி வாடகைக்கு விடுவான்?"

"சிரிக்காதீங்க டீச்சர். நான் போட்ட விலையை அவங்க அழிக்கறாங்க."

"ஆமா. அது தப்புதான்." இன்னொரு இலையைக் கிள்ளினார். "ஆனா ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதே. அந்த விலையை நீ எப்படிப் போட்டே?"

"எது?"

"திரையில படிக்கறதுக்குப் போட்டியே, ஒரு பாகம் பத்தாயிரத்து ஐந்நூறு வோன். அதை எப்படிப் போட்டே?"

"காகித விலையில எழுபது சதவீதம். எல்லாரும் அப்படித்தான்..."

"எல்லாரும்! அந்தப் பையனும் அதைத்தானே சொன்னான்? எல்லாக் கடையும் பண்ணுதுன்னு?"

இன்ஜாவுக்குச் சுருக்கென்றது. சங்ஹி சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"லாரி இல்லை, கிடங்கு இல்லை, திரும்பி வந்த புத்தகம்னு ஒண்ணு இல்லை. அப்புறம் ஏன் எழுபது?"

"எங்க உழைப்பு இருக்கே டீச்சர். பன்னிரண்டு பாகத்தையும் சங்ஹி வரி வரியா ரெண்டு தடவை திருத்தினா."

"அதுக்கு விலை வை. வேண்டாம்னேனா? கண்ணைத் திறந்துக்கிட்டு வைன்னுதான் சொல்றேன். மூவாயிரம் பேரு ஒரே நாள்ல வந்துட்டான். அதுவரைக்கும் அவன் எங்கே இருந்தான்? கதவுக்கு வெளியிலதான் நின்னுட்டு இருந்தான். நீ போட்ட விலை அவனுக்கு எட்டலை. மலிவா குடுக்கறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை இன்ஜா. எவனோ குடுக்கறானேன்னுதான் எரிச்சல்."

டீச்சர் கொடுத்த பார்லித் தேநீரை இன்ஜா கீழே வைத்தாள். பிறகு சங்ஹியைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஒன்றரை வருஷம் தாண்டின புத்தகத்துக்குப் பதிப்பாளர் புது விலை எழுதலாம் இல்ல?"

"எழுதலாம் மேடம். அறிவிச்சுட்டா அடுத்த மாசத்துலேர்ந்து எல்லாக் கடைக்கும் அதுதான். ஆனா அப்படி யாரும்..."

"எல்லாரும்னும் சொல்லாதே, யாரும்னும் சொல்லாதே. டீச்சர் அடிக்க வருவாங்க."

திரும்பி வரும் வழியில் கார் ஒரு கணக்குப் பள்ளிக்கூடமாக ஆயிற்று. பாகத்துக்கு ஐயாயிரம் என்றாள் இன்ஜா. ஐயாயிரம் என்றால் தன் சம்பளத்தை டீச்சரின் கிம்ச்சியில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றாள் சங்ஹி. ஏழாயிரம் என்றாள். ஏழாயிரம் என்றால் வெளியில் நிற்கிறவன் வெளியிலேயே நிற்பான் என்றாள் இன்ஜா. ஹான் ஆற்றுப் பாலம் தாண்டும்போது ஆறாயிரத்தில் வந்து நின்றார்கள். சட்டம் அனுமதிக்கிற பத்து சதவீதத்தைக் கடை தள்ளினால் போம்நாலின் பாதி விலையைக் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டு நிற்கிற விலை.

"விழுந்தா பெரிசா விழுவோம் மேடம்" என்றாள் சங்ஹி.

"விழுந்தா நாமளா விழுந்தோம்னு இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை போம்நால் அலுவலகத்தின் கண்ணாடி அறையில் கிதே முகம் வெளிறி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவனுடைய இயக்குநர் பேங் ஜூயல். நல்ல கோட்டு, நல்ல பல்வரிசை. எழுந்து நின்று வணங்கினார்.

"மா அம்மா, எங்க ஆள் அவசரப்பட்டுட்டாரு. தப்புதான். ஆனா எண்ணிக்கையைப் பாருங்க. ரெண்டு பேருக்கும் நல்லது. கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது."

"எதுக்குக் கையெழுத்து?"

"ஐம்பது வருஷ வாடகைக்கு."

"வாடகை கிடையாது. விக்கலாம்." இன்ஜா மேசையில் முழங்கையை ஊன்றினாள். "ஒண்ணாம் தேதியிலேர்ந்து உப்பள நாவல் ஒரு பாகம் ஆறாயிரம் வோன். நேத்தே அறிவிச்சாச்சு. வாங்கினவனுக்குச் சொந்தம். பேரனுக்குப் பேரன் வரைக்கும் வெச்சுக்கலாம்."

பேங் ஜூயல் நிதானமாக அந்த எண்ணை மனசுக்குள் போட்டுப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "எங்களுக்கு மட்டுமா?"

"எல்லாக் கடைக்கும்."

"எல்லாக் கடைக்கும்னா எங்க விழாவுக்கு என்ன அர்த்தம்? ஒரு வாரம் எங்களுக்கு மட்டும் முன்னாடி குடுங்க."

"ஒரு மணி நேரம் கூட முன்னாடி கிடையாது."

"அப்படின்னா முகப்புல வைக்க முடியாது."

"முகப்பு உங்களுது. யாரை வேணா வைங்க. நான் உங்க முகப்புல கை வைக்கலை. நீங்க என் விலையில கை வைக்காதீங்க."

"முகப்பு இல்லாம விக்கும்னு நினைக்கறீங்களா?"

"மூவாயிரம் பேருக்கு இந்தப் புத்தகம் வேணும்னு நீங்களே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க. ரொம்ப நன்றி. அவங்க ஒண்ணாம் தேதி உங்ககிட்ட வருவாங்க. இல்லைன்னு சொன்னா அடுத்த கடைக்குப் போவாங்க, அதே விலை. பதிவு பண்ணினவங்களை அனுப்பறதா வெச்சுக்கறதாங்கறது உங்க இஷ்டம்."

இயக்குநரின் பல்வரிசை மறைந்தது. கிதேயைத் திரும்பிப் பார்த்தார். "நீ என்ன சொல்றே? உன் அக்காதானே?"

இன்ஜா அவனுக்கு உதவவில்லை. அவன் என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொள்ள அவளுக்கும் ஆசையாக இருந்தது.

"சார், பதிவு பண்ணினவங்களுக்குக் கடிதம் எழுதலாம். வாடகைன்னு சொன்னோம், இப்போ கொஞ்சம் சேர்த்துக் குடுத்தா சொந்தமாவே வாங்கிக்கலாம்னு. என் பேர்லயே எழுதறேன். நான்தான் தப்பாப் போட்டேன்னும் எழுதறேன்." கொஞ்சம் நிறுத்தி, "இல்லைன்னு எழுதறதுக்கு இது பரவாயில்லை சார்" என்றான்.

பேங் ஜூயல் பேனாவை மூடினார். "முகப்பு கிடையாது" என்றார். "சரி" என்றாள் இன்ஜா. அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை சம்பளம் போகக்கூடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மின்தூக்கி வரும்வரைக்கும் அவள் முதுகு வளையவில்லை.

மின்தூக்கிக்குள் கிதே கூடவே நுழைந்தான். "அக்கா, கோபமா?"

"கோபம்தான். ஆனா கடிதத்துல பொய் எழுதாம இருந்தா அடுத்த வருஷமும் வா. உறை மாட்டிவிடறேன்."

ஒண்ணாம் தேதி காலை ஒன்பதுக்கு மண்சாடியில் ஐந்து பேரும் சங்ஹியின் திரைக்குப் பின்னால் நின்றார்கள். ஒவ்வொரு கடையாகத் திறந்தாள். ஆறாயிரம். ஆறாயிரம். அடுத்ததிலும் ஆறாயிரம். போம்நாலின் முகப்பில் வேறு ஏதோ துப்பறியும் கதை நின்றது. தேடிப் போனால், உள்ளே, ஆறாயிரம்.

மத்தியானத்துக்குள் போம்நாலில் முன்பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேல் வாங்கியிருந்தார்கள். மீதிப் பேரில் சிலர் திட்டி எழுதியிருந்தார்கள். முகப்பில் வைக்காத மற்றக் கடைகளில், யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு ஓடியது. மாதக் கடைசியில் கணக்கு எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் யாரும் வேலை தேடுகிற முகத்தோடு வீட்டுக்குக் கிளம்பவில்லை. போங் டல்சூ கூப்பிட்டார்.

"மின்புத்தகத்தைக் குறைச்சுட்டீங்க. காகிதத்துக்கு?"

"காகிதம் அப்படியேதான் ஐயா. அதுல லாரி இருக்கு, கிடங்கு இருக்கு, நீங்க இருக்கீங்க."

"ம். காலையில வந்தவன்கிட்ட, ரெண்டும் ஒரே ஆள் போட்ட விலை, அங்கே போய் அவங்களைக் கேளுன்னேன்."

"அனுப்பி வைங்க. பதில் சொல்றேன்."

"திட்டுவான்."

"திட்டட்டும். என் விலையைத்தானே திட்டறான்."

தொலைபேசியை வைத்துவிட்டு நாற்காலியைச் சங்ஹியின் மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அடுத்தது எடு."

"அடுத்ததா? இன்னிக்கேவா மேடம்?"

"எழுபதுன்னு கண்ணை மூடிக்கிட்டுப் போட்டது இன்னும் நூறு புத்தகம் இருக்கு. அந்தக் கடல்பாசிச் சமையல் புத்தகத்தை எடு, படங்களெல்லாம் நீ மூணு மாசம் உட்கார்ந்து சேர்த்தியே, அது."

சங்ஹி பெருமூச்சோடு திறந்தாள். "எவ்வளவு குறைக்கறோம்?"

"யாரு குறைக்கறாங்க?" என்றாள் இன்ஜா, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் நிறுத்தி. "அது ஏறுது."